நகம் கொழுவாத ஓரம்

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தெருப் பெண்கள் நகம் வெட்டுவார்கள். ராத்தாவும் வெட்டுவார், ஆனால் ஒன்பது விரலுக்குத்தான். வலது கைப் பெருவிரல் நகத்தை அடுத்த வெள்ளிக்கு என்று விட்டுவைப்பார். அடுத்த வெள்ளியும் அப்படியே போகும். நகம் வளர்க்கக்கூடாது என்று மார்க்கம் தெரிந்த பெண்கள் யாராவது சொல்லிக் காட்டினால், "ஓம், பிழைதான்" என்பார். வெட்டமாட்டார்.

அந்த நகம் அவருடைய தொழில் சாமான். கல்முனையில் எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளுக்கெல்லாம் கட்டில் விரிப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுத்தவர் அவர். பூவும் இலையும் கொடியுமாகத் துணியை வெட்டி, பெரிய துணியின் மேல் வைத்து, சுற்றிவர ஓரத்தையல் போடுவார். ஒவ்வொரு குத்துக்கும் நூலை ஊசிக்கு அடியில் பிடித்து இழுக்க, வெட்டிய விளிம்பில் நூல் வரம்பு கட்டியது போல விழும். அப்ளிக் வேலை என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். ஒரு பூ முடிந்ததும் அந்தப் பெருவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெதுவாகச் சுற்றி ஓட்டுவார். நகம் எங்கேயாவது கொழுவினால், அதாவது விளிம்புக்கு அடியில் நுழைந்து மாட்டிக்கொண்டால், அந்த இடத்தில் இன்னும் நாலு குத்து விழும். பிறகு திரும்பவும் நகம் ஓடும். பூவின் அழகைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. விரிப்பை வாங்கிக்கொண்டு போனவர்களிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்பதும் ஒன்றுதான்: "நகம் கொழுவுதா?"

ராத்தா என்றால் அக்கா, ஆனால் என் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் வீட்டு வளவில் இருந்து மூன்றாவது வளவு அவருடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். தெருவே ராத்தா என்றுதான் அழைத்தது. என்னைவிடச் சின்னதுகளும் அப்படித்தான், என் உம்மாவும் சில நேரம் அப்படித்தான்.

அவரிடம் ஒரு குறை இருந்தது. பொய் சொல்ல வராது. இதைக் குறை என்றுதான் சொல்லுவேன், அவரோடு ஒரே தெருவில் இருந்து பார்த்தவர்களுக்கு விளங்கும். நோன்புப் பெருநாளைக்குப் புதுச்சாரி உடுத்துக்கொண்டு ஒருத்தி ஆசையோடு வந்து எப்படி என்று கேட்பாள். அந்த மஞ்சள் உனக்கு வேண்டாம், காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறாய் என்று ஊசியை நிறுத்தாமல் சொல்லிவிடுவார். அவருடைய கணவர் பொலன்னறுவைப் பக்கம் வியாபாரத்துக்குப் போய் அங்கேயே இன்னொரு கலியாணம் முடித்துவிட்டார். வேறு பெண்ணாக இருந்தால் வெளியூரில் வேலை என்று சொல்லி நாளைக் கடத்துவாள். இவரிடம் யாரும் கேட்டால், "அவர் வேற முடிச்சிட்டார்" என்று நேரம் கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரிச் சொல்லுவார். கேட்டவள்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பாள்.

ஒரு கலியாண வீட்டில் பெண்ணின் தாய், விரிப்பில் உள்ள பட்டுப் பூவெல்லாம் கொழும்பில் இருந்து எடுத்த துணி என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி ராத்தாவின் பக்கம் திரும்பி, எந்தக் கடைத் துணி என்று விசாரித்தாள். "இவட பழைய சாரி. நான்தான் வெட்டின." அவ்வளவுதான் சொன்னார். அந்தத் தாய் ஆறு மாதம் ராத்தாவோடு கதைக்கவில்லை.

ஆனால் கேட்காததை அவர் சொன்னதும் இல்லை. கலியாண வீட்டுச் சாமான் முதலில் வந்து சேருவது அவருடைய பாய்க்குத்தான். யாருக்கு யாரைப் பேசுகிறார்கள், எது குழம்பியது, எது திரும்ப ஒட்டியது எல்லாம் அவருக்குத் தெரியும். வாய் திறக்கமாட்டார். எனவே ஊர்ப் பெண்கள் அவரை நம்பினார்கள். அதே நேரம், யாரும் அவரிடம் நேருக்கு நேராக ஒன்றும் கேட்டுவிடக்கூடாது என்று பயந்துகொண்டும் இருந்தார்கள்.

என் கதைக்கு வருகிறேன்.

சூறாவளி அடித்த மறுவருஷம். எங்கள் வீட்டுக் கூரையைக் காற்றுக் கொண்டுபோய், வாப்பா திரும்பவும் ஓடு போட்டு முடித்த நேரம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், ஆகவே வீடு நிமிர்ந்ததும் எனக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர். இரண்டு வீட்டுக்குள் மட்டும் ரகசியமாகக் கதை நடந்தது. வாக்குக் கொடுக்கும் நாள் இன்னும் வைக்கவில்லை. உம்மா அதற்குள் இளநீலப் பொப்ளின் துணி எடுத்து ராத்தாவிடம் கொடுத்துவிட்டா.

மூன்று மாதம் தைத்தார். நடுவில் பெரிய பூவளையம், அதற்குள் பெண்ணின் பெயருக்கும் மாப்பிள்ளையின் பெயருக்கும் முதல் இங்கிலீசு எழுத்து. அப்போது அதுதான் எங்கள் ஊர் வழக்கம். எழுத்து இல்லாத விரிப்பைக் கலியாண விரிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ராத்தாவுக்கு அதில் ஒரு சட்டம் இருந்தது. பெண்ணின் எழுத்தை எப்போதும் தைப்பார். மாப்பிள்ளையின் எழுத்தைக் கடைசி நாள், அறை சோடிப்பதற்கு முந்திய நாள்தான் வைப்பார். எத்தனை பேர் கெஞ்சினாலும் அந்த இடம் அதுவரை வெறுமையாகத்தான் கிடக்கும்.

உம்மாவுக்குப் பொறுமை இல்லை. அக்கரைப்பற்றில் இருந்து சாச்சி, உம்மாவின் தங்கை, வருகிறா, காட்டவேண்டும், எழுத்தையும் வைத்துவிடு என்றா. ராத்தா மாட்டேன் என்றார். உம்மா இரண்டாம் முறை கேட்டா. மாட்டேன் என்றார். மூன்றாம் முறை கேட்டது நான்.

பத்தொன்பது வயது எனக்கு. அந்த மாஸ்டரை நான் இரண்டு தரம் பஸ் நிலையத்தில் தூரத்தில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் என் எழுத்துக்குப் பக்கத்தில் வெறும் இடம் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏதோ செய்தது. உம்மா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, "வெச்சிடுங்க ராத்தா" என்று மெல்லச் சொன்னேன். அவர் என்னை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தார். சிவப்புச் சற்றின் துணியை எடுத்து மாஸ்டரின் எஸ் எழுத்தை வெட்டினார். வளைவுள்ள எழுத்துக்கு ஓரத்தையல் போடுவது சும்மா வேலை இல்லை. இரண்டு நாள் எடுத்தது. நகம் எங்கேயும் கொழுவவில்லை.

பத்து நாள் கழியவில்லை, மாஸ்டருக்கு சவூதியில் இருந்து விசா வந்துவிட்டது. அவருடைய தகப்பன் வந்து, மூன்று வருஷம் பொறுங்கள் என்றார். வாப்பா கோபக்காரர். மூன்று நாளும் பொறுக்க ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் கோபத்தோடேயே சம்மாந்துறையில் ஒரு வயல்காரக் குடும்பத்தில் பேசி முடித்தார். நடுவில் நின்ற புரோக்கர், இந்தப் பிள்ளைக்கு இதுவரை ஒருவரும் பேசி வந்ததில்லை என்று அங்கே சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவைத்திருந்தார். வாப்பா அதை மறுக்கவில்லை. அந்தப் பொய்யின் மேல்தான் என் கலியாணம் நின்றது. வேறொருவருக்குப் பேசி விட்ட பெண் என்று தெரிந்தால் அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு எவரும் வரமாட்டார்கள்.

நிக்காஹ்வுக்கு எட்டு நாள் இருக்கும்போதுதான் உம்மாவுக்கு அலுமாரிக்குள் இருக்கும் விரிப்பு நினைவு வந்தது. முகம் செத்துப்போய் அதையும் எடுத்து என்னையும் இழுத்துக்கொண்டு ராத்தாவிடம் ஓடினா.

ராத்தா எஸ்ஸின் வால்பக்கத்தில் நாலு குத்தை வெட்டிப் பிரித்து, துணியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நூல் போன இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. முழுக்கப் பிரித்தாலும் எழுத்து போகாது, துளையாலேயே வாசிக்கலாம். அந்த நீலப் பொப்ளின் கடைத்தெருவில் முடிந்துவிட்டது. கிடைத்திருந்தாலும் மூன்று மாத வேலையை எட்டு நாளில் யார் செய்வது? உம்மா ஒரு வழி சொன்னா: அதற்கு மேலேயே புது மாப்பிள்ளையின் எழுத்தைப் பெரிதாக வெட்டி வைத்துவிடு.

"ஒராள்ட எழுத்துக்கு மேல இன்னொராள்ட எழுத்த நான் வெக்கமாட்டன்" என்றார் ராத்தா. "பூ வெக்கிறன். ரெண்டுக்கும் மேல."

எழுத்து இருந்த இரண்டு இடத்திலும் இரண்டு பெரிய செவ்வரத்தம்பூ வந்தது. பழைய சிவப்புச் சற்றின் தெரியாத அளவுக்கு அகலமான இதழ்கள். அவர் தைத்து முடிக்கும்வரை உம்மா பக்கத்திலேயே குந்தியிருந்தா. கடைசி நூலை வெட்டியதும், நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டா: மாப்பிள்ளை வீட்டார் இதைப் பற்றிக் கேட்டால் நீ என்ன சொல்லுவாய்?

"கேட்டாச் செல்லுவன். எனக்குப் பொய் ஏலா. கேக்காமப் பாத்துக்கொள்ளுங்க."

அன்றிரவு உம்மா சாப்பிடவில்லை. எனக்கு ராத்தாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஒரு சின்னப் பொய். ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்காக. அதைக்கூடச் சொல்லாத வாய் என்ன வாய் என்று நினைத்தேன். அந்த எஸ்ஸை வைக்கச் சொல்லிக் கேட்டது நான்தான் என்பது அப்போது எனக்கு நினைவே வரவில்லை.

அறை பார்ப்பது என்று எங்கள் பக்கத்தில் ஒரு சடங்கு. நிக்காஹ்வுக்கு முதல்நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, மாப்பிள்ளை இருக்கப்போகும் அறையைப் பார்ப்பார்கள். பார்ப்பார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் சோதிப்பார்கள். அன்றைக்கு ராத்தாவை வீட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று உம்மா சொல்லிவைத்திருந்தா. விரிப்பைத் தானே விரித்தா, செவ்வரத்தம்பூவின் மேல் இரண்டு தலையணையை வேண்டுமென்றே சரித்து வைத்தா.

அஸர் தொழுகை முடிந்து நாலு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் எனக்கு மாமியாக வரப்போகிறவர். உயரமான மனுஷி, இடுப்பில் சாவிக்கொத்து. நான் பக்கத்து அறையில் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றேன். மாமி சுவரைத் தட்டிப் பார்த்தார், அலுமாரிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். தலையணை இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவருடைய கை பூவளையத்தைச் சுற்றி வந்தது. இதென்ன எழுத்தில்லாத விரிப்பு என்று கேட்டார். இப்போது இதுதான் புதுமோஸ்தர் என்றா உம்மா. மாமியின் விரல் வளையத்தை விட்டு நடுவுக்கு வந்தது. ஒரு செவ்வரத்தம்பூவை அழுத்தியது, மற்றதை அழுத்தியது, வெளிப்பூ ஒன்றை அழுத்திப் பார்த்துத் திரும்பவும் நடுப்பூவுக்கே வந்தது. இந்த இரண்டும் தடிப்பாக இருக்கிறதே, உள்ளுக்கு என்ன என்றார். உம்மா பதில் சொல்வதற்குள், தைத்தவரைக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னார். அவருக்குக் கலியாணம் பேசி முடித்த மகள்மார் இருவர் இருந்தார்கள். வேலை பிடித்திருந்தது, இரண்டு பேருக்கும் இந்தக் கையாலேயே தைக்கக் கொடுக்கப்போகிறாராம்.

உம்மா என்ன சாட்டுச் சொல்லியும் எடுபடவில்லை. சாச்சி போய் ராத்தாவைக் கூட்டிவந்தா. தலையில் முக்காட்டோடு, சட்டையில் ஒட்டிய நூல் துண்டுகளோடு வந்து நின்றார். திரை இடுக்கால் அவருடைய பக்கவாட்டு முகம் எனக்குத் தெரிந்தது. நான் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன்.

"இந்தப் பூவுக்குள்ள என்ன இரிக்கி?" என்று மாமி நேராகக் கேட்டார்.

"ஒரு பிழை இரிக்கி."

இடியப்பம் ஆறுகிறது என்று உம்மா இடையில் புகுந்தா.

"என்ன பிழை?"

"வெக்கப்படாத நேரத்துல ஒண்ட வெச்சிட்டன். பிரிச்சாத் துளை தெரியும். அதுக்காகப் பூ வெச்சி மூடின."

"ஆர்ர பிழை? வீட்டாக்கள் செல்லித் தெச்சதா?"

இதுதான் அந்தக் கேள்வி. ஓம் என்று ஒரு சொல் போதும், அடுத்த கேள்வி என்ன வைக்கச் சொன்னார்கள் என்பதுதான். ராத்தாவின் பார்வை கீழே இறங்கித் திரைக்கு அடியில் வந்தது. அங்கே என் கால்விரல்கள் வெளியே தெரிந்துகொண்டிருந்தன.

"தெச்சது என்ட கை. மாட்டன் எண்டு சென்னா ஆரும் என்ட கையப் புடிச்சித் தெய்க்க ஏலா. பிழை என்டதான்."

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் அறையில் இருந்த மூச்செல்லாம் திரும்பி வந்தது. "அப்ப ஒங்கட கையும் பிழைக்கும் எண்டு செல்லுங்க."

"ஓம்" என்றார் ராத்தா.

வந்த பெண்களும் சிரித்தார்கள். என் மகள்மாருக்கு வேறு இடம் பார்க்கிறேன் என்று மாமி எழுந்து தேங்காய்ப்பூ இடியப்பம் சாப்பிடப் போனார். அடுத்த நாள் எனக்கு நிக்காஹ் நடந்தது.

காலையில் ராத்தா விரிப்பைச் சரிசெய்ய வந்தபோது நான் அவருடைய கையைப் பிடித்தேன். "நான் பொய் செல்லல்ல" என்று கையை எடுத்துக்கொண்டார், ஏதோ நான் குற்றம் சாட்டியது போல. போகும்போது மட்டும் ஒன்று சொன்னார்: உன் மாப்பிள்ளை கேட்டால் மறைக்காதே, கேட்காவிட்டால் நீயாகச் சொல்லாதே.

கை பிழைக்கும் என்று அவர் வாயாலேயே ஒத்துக்கொண்ட கதை சம்மாந்துறைக்கு நாலு மைல் தூரத்தை எங்களுக்கு முந்திப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்து திரும்பி எங்கள் ஊருக்கும் வந்தது. கலியாண விரிப்பில் பிழை விடுகிற கை ராசி இல்லாத கை என்று யாரோ சேர்த்துவிட்டார்கள். கணவர் விட்டுப் போனதையும் அதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். முதலில் சம்மாந்துறை வேலை நின்றது, பிறகு எங்கள் தெரு வேலையும் ஒவ்வொன்றாக நின்றது. இரண்டு வருஷத்தில் ராத்தா பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை கட்டிக்கொண்டிருந்தார். அதையும் நகம் வைத்துத்தான் பார்த்தார்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லவேண்டும். மாமியின் மூத்த மகள் கலியாணத்துக்கு சம்மாந்துறைக்குப் போயிருந்தேன். மெஷினில் அடித்த விரிப்பு. பெண்கள் வட்டமாக இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி என்னைக் கேட்டாள், அந்த மனுஷி உன் விரிப்பில் பிழை விட்டது உண்மையா என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமியும் பார்த்தார். "ஓம்" என்றேன். "நடுப்பூவுல."

அவருக்கு வராத பொய் எனக்கு அவ்வளவு லேசாக வந்தது. இன்றைக்கும் அந்த "ஓம்" என் காதுக்குள் கிடக்கிறது.

ஆறு வருஷம் போனது. கலவரத்தில் ஊர்கள் ஒன்றுக்கொன்று பயந்து பாதை பூட்டிக் கிடந்த நாட்கள். இவர், என் மாப்பிள்ளை, வயலுக்குப் போகமுடியாமல் பகல் முழுக்கக் கட்டிலிலேயே கிடந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். விரல் சும்மா இருக்காமல் செவ்வரத்தம்பூவைத் தடவிக்கொண்டிருந்தவர், எல்லார் வீட்டு விரிப்பிலும் எழுத்து இருக்கிறதே, எங்களுடையதில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். பொழுது போகாமல் கேட்ட கேள்வி. சுளகை நிலத்தில் வைத்தேன். ராத்தா சொன்னது நினைவு வந்தது. மாஸ்டர், விசா, புரோக்கர் சொன்னது, நான் வைக்கச் சொன்னது எல்லாவற்றையும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. மாஸ்டரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. பூவின் மேல் விரலை வைத்து, "அப்ப அந்தப் பொம்புள ஒரு பிழையும் உடல்ல. ஆறு வருஷமா ஏன் பாத்துக்கொண்டு இரிந்த?" என்றார்.

ஆறு வருஷமாக நான் பயந்தது இந்த மனுஷனுக்கா என்று இருந்தது. ஊர் கொஞ்சம் அடங்கிய அன்று ராத்தாவிடம் போனேன். வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடந்தன. இவரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கேட்டாரா என்றார். ஓம், கேட்டார் என்றேன். தலையை ஆட்டினார்.

"மாமிக்கிட்டயும் நான் செல்லப்போறன் ராத்தா."

"அவ கேட்டாவா?"

"இல்ல."

ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. அவரிடம் ஒருபோதும் நேராக எதையும் கேட்கக்கூடாது என்று தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டேன், அவர் இல்லை என்று சொல்லி என்னை அனுப்பிவிடுவார் என்ற ஒரு நப்பாசையில்.

"என்னால ஒங்களுக்கு மனவருத்தமா ராத்தா?"

"ஓம்" என்றார்.

அதற்குப் பிறகு சட்டையை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த எஸ் எழுத்தை வைக்கச் சொன்ன அன்று பார்த்த அதே பார்வை.

"நகம் கொழுவுதா?"

"இல்ல" என்றேன். "ஒரு இடத்திலயும் இல்ல."

"அப்ப சரி."

மாமி அதற்குப் பிறகும் பதினொரு வருஷம் உயிரோடு இருந்தார். பெருநாளைக்குப் பெருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கட்டிலில்தான் உட்காருவார். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.